மர்ஸானில் நம் தூதர்கள்

"சற்று நேரம்தான் மேடம், கூப்பிடுவார்கள்" என்று சொல்லிவிட்டு அமைச்சகத்து உதவியாளன் ஃபாரிஸ் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் உலகம்மைக்கு முதலில் தோன்றியது, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று அவனிடம் கேட்டிருக்கலாமே என்பதுதான். மர்ஸான் நாட்டுக்கு இந்தியத் தூதராக வந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது, வெளியுறவு அமைச்சகத்தின் இந்தக் காத்திருப்பு அறையில் எத்தனையோ தடவை உட்கார்ந்தாயிற்று, பாத்ரூம் எங்கே என்று மட்டும் தெரியாது. தூதர்களுக்கு அதெல்லாம் வராது என்பதுபோல யாரும் காட்டியதில்லை, இவளும் கேட்டதில்லை. காலையில் பிரஷருக்கான அந்த நீர் மாத்திரையைப் போட்டிருக்கக் கூடாது. போடாமல் வந்திருந்தால் இந்நேரம் பின்மண்டை கனத்திருக்கும், போட்டதால் இது. இப்போது எழுந்து போய்த் தேடலாம், ஆனால் போன நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால்? கூப்பிட்டு, ஆள் இல்லை என்று துணை அமைச்சர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டால்? இன்றைக்கு அந்த மனிதர் சொல்லப்போவது எண்ணெய் விலையைப் பற்றியோ விசா விதியைப் பற்றியோ அல்ல. இந்த ஊர் ஜெயிலில் கிடக்கும் தவசி உயிரோடு இருப்பானா, தூக்கில் தொங்குவானா என்று சொல்லப்போகிறார். அதற்காக அடக்கிக்கொள்ளலாம். காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தாள். சோபா ரொம்ப ஆழமாக இருந்தது, உட்கார்ந்தவர்கள் சட்டென்று எழுந்துவிடக் கூடாது என்றே செய்த சோபா மாதிரி, புடவை மடிப்பெல்லாம் தொடைக்கடியில் சிக்கி, முழங்கால் மார்புக்கு வந்துவிடும்போல இருந்தது. எதிர்ச் சுவரில் மன்னர் படம். அதற்குக் கீழே தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தண்ணீரைப் பார்க்கக் கூடாது.

வேறு எதையாவது நினைக்கலாம். முன்னுரையை நினைக்கலாம். இரண்டு நாட்டுக்கும் உறவு ஏற்பட்டு அரை நூற்றாண்டு ஆகிறதென்று டெல்லியில் ஒரு புத்தகம் போடுகிறார்கள், 'மர்ஸானில் நம் தூதர்கள்', ஆளுக்கொரு பக்கம், பக்கத்துக்கொரு போட்டோ. முன்னுரை இவள் எழுதவேண்டும், கடைசிப் பக்கமும் இவளுடையதுதான். ஒரு மாதமாக அந்தப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். முதல் தூதர் பட்வர்தன் கப்பலில் வந்து இறங்கியபோது இங்கே தூதரகமும் கிடையாது, கரண்டும் கிடையாது, பேரீச்சம்பழ மண்டிக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து வாசலில் கொடியை நட்டாராம். அன்றைய மன்னர் பருந்து விட்டு வேட்டையாடப் போனவர் மாதக்கணக்கில் திரும்பவே இல்லை. மன்னர் கையில் நியமனப் பத்திரத்தைக் கொடுக்கும்வரை தூதர் தூதரே அல்ல, சும்மா ஒரு மனிதர், மண்டிக்கு மேலே கோட்டு மாட்டிக்கொண்டு ஈ ஓட்டும் ஒரு மனிதர். அப்புறம் வந்த பானர்ஜி இந்த ஊர் மொழியை ஆசை ஆசையாகக் கற்றுக் கவிதையே எழுதியவர். அதில் ஒரு வரி அரண்மனையைக் குத்துகிறதென்று யாரோ மூட்டிவிட, பெட்டி படுக்கையோடு அனுப்பிவிட்டார்கள். சக்சேனா இங்கேயே நெஞ்சு வலித்துச் செத்தார். விமானம் வர நாளாகும் என்று அவருடைய மனைவி ஐஸ் தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தாளாம், அதைப் பழைய டிரைவர் ஒருவர்தான் சொன்னார், புத்தகத்தில் அது வராது. புத்தகத்தில் எல்லோருக்கும் ஒரே வாக்கியம், இரு நாட்டு நல்லுறவுக்கு அருந்தொண்டு ஆற்றினார். பட்வர்தன் ஆற்றினார், பானர்ஜி ஆற்றினார், செத்துப்போன சக்சேனாவும் ஆற்றினார். தன் பக்கத்தில் 'ஆற்றினார்' என்பதை அடித்துவிட்டு என்ன போடுவதென்று தெரியாமல் கர்சர் அதிலேயே மினுக்கிக்கொண்டிருக்க, லேப்டாப்பை மூடிவிட்டுத்தான் இன்று காலை வந்தாள். என்ன போடுவது? காத்திருந்தார் என்று போடலாம். முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை அது ஒன்றுதான் பொய்யில்லாமல் பொருந்தும். காத்திருந்தார், காபி குடித்தார், சிரித்தார், திரும்பி வந்து டெல்லிக்கு எழுதினார். தவசியும்தான் காத்திருந்தான், அவனுக்குப் பக்கம் கிடையாது.

அவன் வந்ததே ஒரு தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச. முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள், மர்ஸானில் மலையடிவாரத்தில் மாதுளைத் தோட்டம், முதலாளியும் அவர் மனைவியும் கைக்குழந்தை தாண்டிய ஒரு பையனும். மனைவி அடுத்த பிரசவத்தில் போய்ச் சேர, முதலாளியும் பையனும் தவசியும் என்று ஆகியிருக்கிறது. ஒருநாள் முதலாளி கிணற்றில் கிடந்தார். தலையில் அடி. விழுந்ததில் பட்ட அடியா, பட்டதால் விழுந்தாரா என்று யாருக்குத் தெரியும், தோட்டத்தில் இருந்த அந்நிய ஆள் ஒருவன்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் எழுதி அவனிடம் கைநாட்டு வாங்கினார்கள். தூக்கு என்று தீர்ப்பு. ஆனால் இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு, செத்தவரின் வாரிசு மன்னித்தால் விட்டுவிடலாம். வாரிசு அந்த ஒரே பையன், அப்போது நாலு வயது. நாலு வயதுப் பிள்ளை மன்னிக்கிறேன் என்றாலும் செல்லாது, கொல்லு என்றாலும் செல்லாது, அதனால் அவன் வளர்ந்து ஆளாகட்டும் என்று கோர்ட்டு தள்ளி வைத்துவிட்டது. ஒரு பிள்ளை வளர்வதற்காக ஓர் ஆள் ஜெயிலில் காத்திருந்தான். அங்கே பல் விழுந்து பல் முளைத்து மீசை அரும்ப, இங்கே தவசிக்கு முடி நரைத்தது. அதற்குள் தூதர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். உலகம்மை பதவி ஏற்ற வாரமே தவசியின் அம்மா இருளாயி போன் பண்ணினாள், முதல் பேச்சே "நீங்க நாலாவது ஆபீசரு தாயி" என்பதுதான். வைகிற தொனியே இல்லை, பஸ்ஸில் இடம் பிடித்தவர்களை எண்ணிச் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் ஒருவரையும் பார்த்ததில்லை, அவளுக்கு எல்லோரும் குரல்தான். தவசி பிடிபட்டபோது தூதராக இருந்த குல்கர்னியை அவள் இருமுறவுக என்பாள். "இருமுறவுக ஆறு மாசத்துல பய வந்துருவான்னு சொன்னாக தாயி. பாவம், அவுகளுக்கே ஒடம்புக்குச் சொகமில்ல." அப்புறம் வந்த சோதி, சிரிக்கிறவுக. மன்னர்கிட்டயே பேசிட்டேன், நீங்க நிம்மதியாத் தூங்குங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாக. மெஹ்ரோத்ரா மீட்டிங்குக்காரவுக, அவர் ஒரு தடவைகூட லைனுக்கு வரவில்லை, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்று தூதரகத்துத் தமிழ் கிளார்க்குதான் சொல்லிக்கொண்டே இருந்தான். குல்கர்னி பேசியதையும் சோதி பேசியதையும் தமிழில் மாற்றிச் சொன்னதும் அவன்தான், போன வருஷம் அவனும் ஓய்வு பெற்று நாகர்கோவில் போய்விட்டான். அதனால் என்ன, இவளுக்கு யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம், அம்பாசமுத்திரத்துக்காரிக்கு முதுகுளத்தூர்ப் பேச்சு புரியாதா. நேரடியாக ஒரு தாயின் பேச்சைக் கேட்கிற முதல் தூதர் தான் என்று ஆரம்பத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. இப்போது அந்தக் கிளார்க்கைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது. கேட்டதை எடுத்து அடுத்தவர் கையில் வைத்துவிட்டுப் போய்விடலாம் அவனுக்கு. இவளுக்கு நேரே உள்ளே இறங்குகிறது, இறங்கிவிட்டால் வெளியே வர வழியில்லை.

ஜெயிலில் முதல் தடவை பார்த்தபோது தவசி இவளைக் கும்பிடவில்லை. அந்த ஊர் வழக்கப்படி நெஞ்சில் கை வைத்துத் தலை சாய்த்தான், அப்புறம்தான் ஞாபகம் வந்து கும்பிட்டான். தமிழ் பேசும்போது வார்த்தைக்கு நடுவில் நின்று நின்று தேடினான். அவன் ஜெயிலில் சமையல் வேலைக்கு மாறிவிட்டிருந்தான், உடம்பு பருத்து, கன்னம் தொங்கி, கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு. "எங்காத்தா நல்லா இருக்கா?" என்று கேட்டான். நல்லா இருக்காங்க என்றாள். "அந்தத் தம்பி எப்பிடி இருக்கு, ஒசரமா வளந்துருச்சா?" என்று அடுத்துக் கேட்டபோது இவளுக்கு ஒரு நிமிஷம் யாரைச் சொல்கிறான் என்றே விளங்கவில்லை. முதலாளி மகனைச் சொல்கிறான். "எங் கையிலதான் மேடம் சோறு திங்கும். தாயில்லாப் பிள்ளை. ராத்திரி நான் பக்கத்துல இருந்தாத்தான் ஒறங்கும்." நீ செய்தாயா என்று அவனிடம் இவள் கேட்கவே இல்லை. தூதர் அதைக் கேட்கக் கூடாது, கேட்டு என்ன ஆகப்போகிறது, ஆனால் கார் ஏறும்போது கேட்கவேண்டும் என்று தொண்டைவரை வந்தது. இப்போதும் வருகிறது. செய்திருந்தால்? ஏதோ கோபம், சம்பளம் கொடுக்காமல், அடித்து, ஏதோ ஒன்று, மண்வெட்டி கையில் இருந்திருக்கும். செய்திருந்தாலும் இருளாயிக்கு அவன் பிள்ளைதானே. செய்யாமல் இருந்திருந்தால், அதை நினைக்கவே முடியவில்லை, அடிவயிறு கனத்து வலிக்கிறது, வலி பயத்தாலா மாத்திரையாலா என்று பிரிக்கத் தெரியவில்லை. அந்தப் பையனுக்குப் போன மாதம் வயது வந்துவிட்டது. அவன் தலைநகரில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவன். கோர்ட்டில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவன் சொன்னதைத்தான் துணை அமைச்சர் இன்று சொல்லுவார். ஒரு வார்த்தை. அவனுக்குத் தவசியின் கை ஞாபகம் இருக்குமா, நாலு வயதில் என்ன ஞாபகம் இருக்கும், இவளுக்கு நாலு வயதில் என்ன ஞாபகம் இருக்கிறது? மில் சங்கு. அப்பா சைக்கிள் பெல். அப்பாவைப் பற்றி நாலு வயதில் வேறு ஒன்றுமில்லை, அப்புறம்தான், வேலைநிறுத்தத்தின்போது மில் மானேஜரிடம் பேச ஆட்கள் சேர்ந்து அப்பாவை அனுப்பினார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வராந்தாவில் நாளெல்லாம் நிறுத்தி வைத்துவிட்டு யோசிக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா வந்து வாசலில் கூடியிருந்தவர்களிடம் "யோசிக்காங்களாம்" என்று சொன்னபோது ஒருத்தரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார்.

இனிமேல் முடியாது என்று ஆனபோது சோபாவின் கையைப் பிடித்து எழுந்து கதவைத் திறந்தாள். நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள், எதில் என்ன என்று எழுதியிருந்த எழுத்து அவசரத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. துடைப்பத்தோடு நின்ற ஒரு பெண் இவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு கடைசிக் கதவைக் காட்டினாள். உள்ளே குழாய்த் தண்ணீர் சுடச்சுட வந்தது. கண்ணாடியில் தெரிந்த பெண் யாரோ கல்யாண வீட்டில் கூட்டத்தில் தொலைந்துவிட்டவள் மாதிரி இருந்தாள், பொட்டு ஒருபக்கமாக நகர்ந்து, காதோரம் தலைமுடியில் டை வெளுத்து. சிரிக்கலாமா என்று நினைத்தாள், சிரிக்கிறவுக, இருமுறவுக, மீட்டிங்குக்காரவுக, நான் யாரு, இருளாயி எனக்கு என்ன பேர் வைத்திருக்கிறாள், கேட்டதே இல்லை. வைக்காமலா இருப்பாள். கையைத் துடைக்காமலே வேகமாகத் திரும்பி வந்தால் காத்திருப்பு அறை வாசலில் ஃபாரிஸ் நின்றுகொண்டிருந்தான், வழக்கமான சிரிப்பு இல்லாமல். "மேடம், கூப்பிட்டார்கள். நீங்கள் இல்லை." அவசரமாகக் கேட்டாள். "இப்போது போகலாம்தானே?" "கேட்டுப் பார்க்கிறேன்." அவன் போனான். அவள் உட்காரவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துத் துடைத்து நின்றாள். போயிற்று, என்னால்தான் போயிற்று, ஒரு மாத்திரையால் ஓர் ஆளின் உயிர் போயிற்று என்று உள்ளே ஒரு குரல் அடித்துக்கொண்டது. அதெல்லாம் ஏற்கெனவே முடிவான சேதி, நீ நேரத்துக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வார்த்தைதான் என்று இன்னொரு குரல் சொன்னது. இரண்டாவதுதான் கொடுமையாக இருந்தது. தன்னால் கெட்டுப்போகிற அளவுக்காவது தன் கையில் ஏதாவது இருந்தால் தேவலை என்று ஆகிவிட்டது அவளுக்கு.

கூப்பிட்டார்கள். துணை அமைச்சர் அபு நாஸிர் வயதானவர், மரியாதையான மனிதர், எழுந்து நின்று வரவேற்றார், புத்தகத்தைப் பற்றிக் கேட்டார், தன் தகப்பனார் பட்வர்தனைப் பார்த்திருக்கிறார் என்றார். காபி வந்தது. சின்னக் கிண்ணத்தை உதட்டில் வைத்து எடுத்தாள். அப்புறம் அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார், அவள் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பையனை நீதிபதி கேட்டார். நான் அங்கே இருந்தேன்."

"என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை."

"புரியவில்லை."

"மன்னிக்கிறாயா என்று கேட்டார்கள். பேசவில்லை. தண்டனை வேண்டுமா என்று கேட்டார்கள். அதற்கும் பேசவில்லை. அழுதான். மறுபடி கேட்டபோது, எனக்குத் தெரியாது என்றான். பிறகு படிக்க வெளிநாடு போய்விட்டான்."

"எப்போது திரும்பி வருவார்?"

"படிப்பு முடிந்து."

"அதுவரை?"

"அதுவரை இப்போது இருப்பதுபோலத்தான். அவன் சொல்லவேண்டும். எப்போது சொல்லவேண்டும் என்று சட்டத்தில் கெடு ஒன்றும் இல்லை மேடம்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். ஓர் ஆளின் உயிரை அவன் கையில் கொடுத்திருக்கிறோம். அவனும் என்ன செய்வான்?"

"மன்னர் தலையிட்டு..."

"மன்னராலும் வாரிசு இடத்தில் நிற்க முடியாது."

தூக்கு இல்லை. விடுதலையும் இல்லை. நன்றி சொல்ல வேண்டுமா, சண்டை போட வேண்டுமா என்று தெரியாமல் உலகம்மை கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தவசியை அம்மாவோடு வாரம் ஒருமுறை போனில் பேசவிட முடியுமா என்று கேட்டாள். உயிரைக் கேட்க வந்தவள் போனைக் கேட்கிறோமே என்று கேட்கும்போதே கூசியது. பரிசீலிக்கிறோம் என்றார் அவர். உண்மையிலேயே வருத்தப்படுகிறவர்போல வாசல்வரை வந்து வழியனுப்பினார். "அடுத்த மாதம் நீங்கள் ஓய்வு பெறுகிறீர்களாமே" என்றார். "உங்களை நாங்கள் மறக்க மாட்டோம்." எல்லாத் தூதர்களிடமும் சொல்லியிருப்பார், எல்லோரிடமும் மனதாரத்தான் சொல்லியிருப்பார்.

காரில் ஏறி டிரைவரை ஏசி போடச் சொன்னாள். வெயிலில் நின்ற சீட்டு புடவையைத் தாண்டிச் சுட்டது. டெல்லிக்கு எழுத வேண்டியது தானாக மனசில் ஓடியது, தண்டனை நிறைவேற்றம் காலவரையின்றி ஒத்திவைப்பு, சாதகமான முன்னேற்றம். சாதகமான முன்னேற்றம் என்றுதான் எழுதவேண்டும், வேறு எப்படி எழுதுவது, உயிர் இருக்கிறதே. ஊரில் இப்போது மத்தியானம் தாண்டியிருக்கும். இருளாயி வீட்டில் டவர் கிடைக்காது, ரேஷன் கடை வேப்பமரத்தடியில் காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், முன்னாலேயே சொல்லியிருந்தாள். கூப்பிடாமல் இருக்க முடியாது. நாளைக்குக் கூப்பிடலாம், சாயங்காலம் கூப்பிடலாம், சரியான வார்த்தை கிடைத்த பிறகு கூப்பிடலாம், இதற்குச் சரியான வார்த்தை ஒன்று எந்த மொழியிலாவது இருந்தால். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள் கிழவி.

"தாயி."

"இருளாயம்மா, நான்தான். தூக்கு இல்லம்மா. இப்பத்திக்கு இல்ல."

அந்தப் பக்கம் யாரோ எடைக்கல்லை வைக்கிற சத்தம்.

"விட்டுட்டாகளா?"

"விடல. அந்தப் பையன் ஒண்ணுமே சொல்லல. தெரியாதுன்னுட்டுப் படிக்கப் போயிட்டான். அவன் சொல்லுத வரைக்கும் இப்படியேதான்."

"எப்பச் சொல்லுமாம்?"

"தெரியலம்மா."

"அழுதுச்சா?"

உலகம்மை திடுக்கிட்டாள். "ஆமா. அழுதானாம்."

"எம் புள்ள வளத்த புள்ள, அழாம என்ன செய்யும்" என்றாள் இருளாயி. அழுகிறாளோ என்று இவள் போனைக் காதில் அழுத்திக் கேட்டாள், அழவில்லை, சேலையால் முகத்தைத் துடைக்கிற மாதிரி போனில் ஒரு உரசல். பேச்சை எங்கேயாவது கொண்டுபோக வேண்டும் என்று, அடுத்த மாதம் நான் ஊருக்கு வந்துவிடுகிறேன் அம்மா, வேலை முடிந்துவிட்டது என்றாள்.

"அப்ப அஞ்சாவது ஆளு வாராகளா?"

"வாரார்."

"ஆரு தாயி?"

பேர் வந்துவிட்டது, போன வாரமே டெல்லியிலிருந்து வந்துவிட்டது. போபால்காரர். நல்ல மனிதர் என்று சொன்னார்கள், குதிரைப் பந்தயமும் கோல்ஃபும் பிடிக்குமாம். தூதரகத்தில் இப்போது தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

"ஒங்கள மாதிரிப் பேசுவாகளா? அவுகளுக்குத் தமிழ் தெரியுமா?"

கார் சிக்னலில் நின்றது. டிரைவர் கண்ணாடியில் இவளைப் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டான். தெரியாது என்று சொல்லவேண்டும். தெரியாதும்மா என்று ஒரே வார்த்தைதான், வாய் திறந்தால் வந்துவிடும், இதுவரை அந்தக் கிழவியிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

"தெரியும்மா" என்றாள் உலகம்மை. "நல்லாத் தெரியும்."

"அது போதும் தாயி" என்றாள் இருளாயி. அவள் குரல் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இறங்கி லேசானது. "அப்ப நீங்க மனசு வருத்தப்படாம ஊருக்கு வாங்க. அவுக பாத்துக்கிருவாக."